கப்பலேறிப் போன ஆயாக்கள்

ஆயா என்கிற சொல்லை நாம எத்தனை விதமா புழங்குறோம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சில ஊர்ல பாட்டியை ஆயான்னு கூப்பிடுவாங்க. செட்டிநாட்டுப் பக்கம் அம்மாவைப் பெத்தவங்க ஆயா. பால்வாடியில சோறாக்கிப் போட்டு, பிள்ளைங்க மூக்கைத் துடைச்சு விடுறவங்களும் ஆயாதான். ஆஸ்பத்திரியில, பள்ளிக்கூடத்துல ஆயான்னு ஒரு வேலையே இருக்கு. இதுல பிள்ளை வளர்க்கிற வேலைக்காரியைக் குறிக்கிற ஆயா, போர்ச்சுகீசியர் விட்டுட்டுப் போன சொல் என்று 1886-ல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி சொல்லுது. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாம் அவங்ககிட்டேருந்து வந்த மாதிரியே. அவங்க வாயில அந்தச் சொல் கிட்டத்தட்ட 'ஐயா'ன்னு ஒலிக்குமாம். நமக்கோ ஐயா என்றால் ஆம்பளை. சொல்லுக்கே அப்படி ஒரு குழப்பம்.

இந்தப் பதிவு அந்த மூணாவது வகை ஆயாவைப் பத்தினது. அதுலயும் வெள்ளைக்காரக் குடும்பத்தோட கப்பலேறி லண்டன் போய், அங்க இறங்கின உடனே "சரி, நீ போகலாம்" என்று சொல்லப்பட்டவங்களைப் பத்தினது. விவசாயிக்கு எதுக்குய்யா லண்டன் கதைன்னு கேப்பீங்க. எங்க தெருவுல ஒரு விஷயம் நடந்துக்கிட்டிருக்கு. அதைப் புரிஞ்சுக்கத் தேடப் போய்த்தான் இந்தக் கதை கிடைச்சுது. தெரு விஷயத்துக்குப் பிறகு வர்றேன்.

ஜோஷுவா ரெனால்ட்ஸ் என்று பெரிய ஓவியர் ஒருத்தர். நம்ம ராபர்ட் கிளைவ் இருக்காரே, அவரோட உறவுக்காரர் ஜார்ஜ் கிளைவ் குடும்பத்தை 1765 வாக்குல வரைஞ்சிருக்கார். படம் இப்ப ஜெர்மனியில பெர்லின் அருங்காட்சியகத்துல இருக்கு. செல்போன்ல தேடினாலே வரும், பாருங்க. ஒரு பக்கம் துரை ஒயிலா நிக்கிறார். அந்தம்மா பட்டுடுத்தி இருக்காங்க. நடுவுல பொம்மை மாதிரி அலங்காரம் பண்ணின சின்னப் பொண்ணு. அந்தப் பொண்ணு விழுந்துடாம, ஒரு இந்தியப் பெண் மண்டி போட்டுப் பிடிச்சுக்கிட்டிருக்கா. துரை பேர் தெரியும், அம்மா பேர் தெரியும், குழந்தை பேர் தெரியும். மண்டி போட்டவளுக்குப் பேர் இல்லை. படத்துத் தலைப்புலயும் 'இந்தியப் பணிப்பெண்' அவ்வளவுதான். அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு அவ என்ன ஆனாங்கிறதுக்கு அந்தப் படத்துல ஒரு துப்பும் கிடையாது.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துலயே இது ஆரம்பிச்சிட்டுது. இங்க சம்பாதிச்ச துரைமாருங்க ஊருக்குத் திரும்பும்போது வேலைக்காரங்களையும் கூட்டிட்டுப் போவாங்க. போன இடத்துல கைவிட்டுட்டா கம்பெனி தலையிலதானே விழும்? அதனால அழைச்சிட்டுப் போறவங்ககிட்ட திருப்பி அனுப்புறதுக்கு ஜாமீன் பணம் கட்டச் சொல்லியிருக்காங்க. ஜாமீன் கேட்டிருக்காங்கன்னா, கைவிடுற வழக்கம் அதுக்கு முன்னாடியே இருந்திருக்குன்னுதானே அர்த்தம்?

பயணம் எப்படிப்பட்டதுன்னு சொல்லிடறேன், அப்பத்தான் ஆயாவோட தேவை புரியும். சூயஸ் கால்வாய் 1869-ல திறந்தாங்க. அதுக்கு முன்ன ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டுப் போகணும், பாய்மரக் கப்பல்னா மாசக்கணக்கு. கால்வாய் வந்த பிறகு நீராவிக் கப்பல்ல சில வாரத்துல போய்ச் சேர்ந்தாங்க. எப்படிப் போனாலும் கடல் வாந்தி நிச்சயம். அம்மாவும் படுக்கை, பிள்ளைகளும் படுக்கை. பால் காய்ச்சணும், துணி அலசணும், ராத்திரி அழற குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆடுற கப்பல்ல நடக்கணும். வெள்ளைக்காரப் பிள்ளைங்களை ஆறு ஏழு வயசானா படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பிடுவாங்க. ஆக வருஷா வருஷம் போக்கும் வரத்துமா இருந்திருக்கு. பம்பாய், கல்கத்தா, நம்ம மெட்ராஸ் என்று எல்லாத் துறைமுகத்துலேருந்தும் ஆயாக்கள் ஏறியிருக்காங்க.

சரி, லண்டன் வந்தாச்சு. அங்கதான் சிக்கல். கடல்ல அவசியமா இருந்தவ தரையில செலவாத் தெரிவா. அந்த ஊர்லயே சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்க ஆள் கிடைக்குது. குளிர்காலத்துக்கு இவளுக்குக் கம்பளி வாங்கித் தரணும், தனி இடம் தரணும். கொஞ்சப் பேரைக் குடும்பம் கூடவே வச்சுக்கிட்டது. கொஞ்சப் பேருக்குத் திரும்பிப் போற டிக்கெட் கையில கொடுத்தது. மத்தவங்க கதை ஆளுக்கொண்ணு. "நாங்க அடுத்த வருஷம் இந்தியா திரும்புவோம், அப்ப கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிட்டுத் திரும்பாதவங்க உண்டு. டிக்கெட் தர்றதாப் பேசிட்டுத் தராதவங்களும் உண்டு. இந்தியா கிளம்புற குடும்பம் ஏதாவது என்னைக் கூட்டிட்டுப் போகுமான்னு அந்த ஊர்ப் பத்திரிகையில விளம்பரம் கொடுத்த ஆயாக்களும் இருந்திருக்காங்க.

வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னா நிறுத்திட்டாங்கதான், இதுல என்ன குழப்பம்னு தோணும். குழப்பம் இதுதான். அவ வேலைக்குச் சேர்ந்தது பம்பாயிலயோ மெட்ராஸிலயோ, வாய் வார்த்தையில. எதுவரைக்கும்னு யாரும் பேசல. கப்பல் கரை தொடுறவரைக்குமா, பிள்ளை வளர்றவரைக்குமா, அவ வீடு திரும்புறவரைக்குமா? அம்மா மனசுல முதல் கணக்கு. ஆயா மனசுல மூணாவது கணக்கு. ரெண்டு கணக்குக்கும் நடுவுல ஆறாயிரம் மைலுக்கு மேல கடல்.

ரோசினா விஸ்ராம் என்கிற வரலாற்று ஆய்வாளர் 1986-ல 'ஆயாக்கள், லஸ்கர்கள், இளவரசர்கள்' என்று ஒரு ஆங்கிலப் புத்தகம் எழுதினாங்க. பிரிட்டன் போன இந்தியர்களைப் பத்தின முக்கியமான ஆய்வு. இன்னைக்கு இணையத்துல ஆயாக்களைப் பத்தி எது படிச்சாலும் தோண்டிப் பார்த்தா அந்தப் புத்தகத்துக்குத்தான் போய்ச் சேரும். 1855 வாக்குல லண்டன் துறைமுகத்துப் பக்கம் மோசமான ஒரே விடுதியில ஐம்பது அறுபது ஆயாக்கள் அடைஞ்சு கிடந்ததைப் பார்த்துட்டுத்தான் சிலர் முழிச்சுக்கிட்டாங்களாம். பிறகு ஆல்ட்கேட் என்ற பகுதியில 'ஆயாக்கள் இல்லம்' நடந்தது. 1900-ல லண்டன் சிட்டி மிஷன் என்கிற கிறித்தவ அமைப்பு அதை ஹேக்னி பகுதிக்கு, கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26-ஆம் எண் வீட்டுக்கு மாத்துச்சு. 1921-ல அதே தெருவுல 4-ஆம் எண்ணுக்குப் போச்சு. வருஷத்துக்குச் சுமார் நூறு பேர் வந்து தங்கிப் போவாங்களாம். சீனாவிலிருந்து வந்த 'அமா' என்கிற தாதிகளும் அங்க உண்டு. ஜெபம், பாட்டு, பைபிள் எல்லாம் நடந்திருக்கு, அதுக்குத்தானே மிஷன். ஆனா தலைக்கு மேல கூரையும் சாப்பாடும் இருந்தது உண்மை.

அந்த இல்லம் எப்படி ஓடுச்சுங்கிறதுதான் என்னை உக்கார வச்சுது. நம்ம கமிஷன் மண்டிக்காரங்களுக்குச் சொன்னா உடனே பிடிபடும். ஒரு அம்மா ஆயாவோட லண்டன் வந்து இறங்குறாங்க. அவளோட ரிட்டர்ன் டிக்கெட்டை இல்லத்து மேட்ரன் கையில ஒப்படைச்சிடுறாங்க. அத்தோட அவங்க பொறுப்பு முடிஞ்சுது. இந்தியாவுக்குக் கிளம்புற வேற ஒரு குடும்பம், பிள்ளையைப் பார்த்துக்க ஆள் வேணும்னு இல்லத்துக்கு வருது. மேட்ரன் அந்த டிக்கெட்டை அவங்களுக்கு விக்கிறாங்க. டிக்கெட்டோட ஆயாவும் போறா. வந்த பணத்துல, அவ காத்திருந்த நாளுக்கான சாப்பாடும் தங்கலும் கழிஞ்சிடும். திரும்பிப் போற பயணத்துலயும் அவ சும்மா உக்காந்து போறதில்லை, புதுக் குடும்பத்துப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுத்தான் போவா.

நல்லா யோசிச்சா இது கெட்ட ஏற்பாடு இல்லைதான். யார் காலையும் பிடிக்காம ஊர் போய்ச் சேர வழி. ஆனா நடுவுல காத்திருக்கிற அந்த நாள்கள்ல அவ யாரு? பழைய குடும்பத்தோட ஆள் இல்லை. புதுக் குடும்பம் இன்னும் வரல. சம்பளம் கிடையாது, வேலை போச்சுன்னும் சொல்ல முடியாது. மேட்ரன் மேசைக்குள்ள இருக்கிற ஒரு சீட்டுதான் அவளுக்கு அத்தாட்சி. இந்தியாவுல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி குடும்பங்க கிளம்பி வரும், குளிர்காலத்தை ஒட்டித்தான் திரும்பும். அதுவரைக்கும் அவ அந்த வீட்டுல உக்காந்து தையல் வேலை பார்த்துக்கிட்டு, யார் பெத்த பிள்ளையைத் தூக்கப் போறோம்னு தெரியாம இருக்கணும்.

டிக்கெட் இருந்தவளுக்கு இது. இல்லாதவளுக்கு? 1908-ல நடந்த ஒண்ணு அரசாங்கக் காகிதத்துலயே இருக்கு. பம்பாயிலிருந்து ஒரு குடும்பத்தோட வந்த ஆயா. அந்தக் குடும்பம் அவ கையில ஒரு பவுனைக் கொடுத்து, லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துல விட்டுட்டுப் போயிட்டுது. திருச்சி ஜங்ஷன்ல மொழி தெரியாத ஒரு பொம்பளையை நூறு ரூபா கொடுத்து இறக்கி விட்டுட்டுப் போனா எப்படி இருக்கும்? அதுவாவது நம்ம மண்ணு, யாராவது ஒருத்தர் "என்னம்மா, எந்த ஊரு" என்று கேப்பாங்க. விஷயம் இந்தியா ஆபீஸுக்குப் போச்சு. இந்தியாவை லண்டனிலிருந்து ஆண்ட அலுவலகம் அதுதான். அவளைத் திருப்பி அனுப்புற சட்டக் கடமை தனக்கு இல்லைங்கிறதுதான் அந்த ஆபீஸோட நிலை. அவளும் ராஜாவோட பிரஜைதான். வரி வாங்க, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் பிரஜை. வழியில நின்னா, அது தனிப்பட்ட வீட்டு விவகாரம்.

இதுல இன்னொரு வேடிக்கை. அதே கப்பல்கள்ல கரி அள்ளிப் போட்ட, கயிறு இழுத்த நம்ம ஆம்பளைங்களை லஸ்கர் என்பாங்க. அவங்களைக் கரையில பட்டினியா விடக்கூடாது, திருப்பி அனுப்பணும்னு கப்பல் சட்டத்துல ஏற்பாடு இருந்துச்சு. ஏட்டுல இருந்த அளவுக்கு நடப்புல இருந்ததான்னா அது வேற விஷயம். அவங்களை மாதிரி மாலுமிகளுக்காக லைம்ஹவுஸ் பகுதியில 1857-லயே ஒரு விடுதியும் திறந்தாங்க. கப்பலைப் பார்த்துக்கிட்டவன் தொழிலாளி. அதே கப்பல்ல பிள்ளையைப் பார்த்துக்கிட்டவ வீட்டு மனுஷி. வீட்டு மனுஷிக்கு எதுக்குச் சட்டம்?

1909-ல இந்த மாதிரி தவிச்சுப் போன இந்தியர்கள், காலனி நாட்டுக்காரங்களைப் பத்தி விசாரிக்க ஒரு கமிட்டி போட்டாங்க. அடுத்த வருஷம் அறிக்கையும் வந்துச்சு. கமிட்டி, அறிக்கை எல்லாம் நமக்குப் பழக்கம்தானே, மேல போறேன்.

எல்லா ஆயாவும் அழுதுக்கிட்டே நின்னாங்கன்னு நினைச்சுடாதீங்க. கெட்டிக்காரிகளும் உண்டு. பெரைரா என்ற பேருள்ள ஒரு அம்மா, இந்தக் கடலை 54 தடவை கடந்ததா அந்தக் காலத்துல எழுதி வச்சிருக்காங்க. ஐம்பத்து நாலு! எங்க ஊர்ல அவ்வளவு தடவை கும்பகோணம் போகாதவங்க இருக்காங்க. அவங்களுக்கு ஒரே குடும்பத்தை நம்பி இருக்கத் தேவையில்லை. கப்பல் பயணத்தையே தொழிலாக்கிக்கிட்டாங்க. இந்தப் பயணத்துக்கு இவ்வளவு, போனதும் கணக்கு முடிஞ்சுது, அடுத்தது யாரு? அறுவடைக்கு வர்ற ஆள் கட்டு மாதிரி. யாருக்கும் 'எங்க வீட்டு ஆயா' ஆகாம இருந்ததுதான் அவங்களுக்கு வசதி. வருஷக்கணக்கா ஒரே பிள்ளையை வளர்த்தவளுக்கு அந்த வசதி கிடையாது.

ஹேக்னி வீடு இன்னும் இருக்கு. பர்ஹானா மமூஜி என்ற லண்டன் பெண் ஒருத்தங்க விடாம கேட்டு, 2022 ஜூன் மாசம் அந்தச் சுவத்துல நீலப் பலகை பதிச்சிருக்காங்க. பெரிய மனுஷங்க வாழ்ந்த வீட்டுல வைக்கிற அதே பலகை. ஆசியாவிலிருந்து வந்த தாதிகள் 1900 முதல் 1921 வரைக்கும் இங்க தங்கினாங்கன்னு எழுதியிருக்கு.

இப்ப எங்க தெருவுக்கு வர்றேன்.

ஒரு அக்கா. ஐம்பதை ஒட்டின வயசு, வீட்டுக்காரர் இல்லை. ஆறு வருஷம் முன்ன சென்னையில ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனாங்க. ரெண்டு மாசக் கைக்குழந்தை. ரெண்டு பேரும் ஆபீஸ் போறவங்க. தங்கி இருக்கிற வேலை. நல்ல மனுஷங்கதான், அக்கா வாயால ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. "நீங்க எங்க அம்மா மாதிரி" என்று சொல்லித்தான் வச்சிருந்தாங்க. குழந்தை அக்காவை ஆயான்னுதான் கூப்பிடும்.

போன சித்திரையில பள்ளிக்கூடம் லீவு விட்டதும், "நீங்களும் ஊருக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா, நாங்களே கூப்பிடுறோம்" என்று சொல்லி பஸ் ஏத்தி விட்டாங்க. அந்த மாசச் சம்பளம் முழுசாக் கொடுத்தாங்க. வைகாசி போச்சு, ஆனி போச்சு. போன் வந்துச்சு, குழந்தை பேசுச்சு. வேலையைப் பத்திப் பேச்சில்லை. தீபாவளிக்குக் கூரியர்ல சீலை வந்துச்சு. சம்பளம் வரல. அக்காவோட தகரப் பெட்டி, பேங்க் பாஸ்புக், நல்ல சீலை ரெண்டு எல்லாம் அந்த வீட்டு ஸ்டோர் ரூம்லதான் இருக்கு.

நடவுக்குக் கூப்பிட்டா அக்கா தயங்குறாங்க. "திடீர்னு போன் வந்துட்டா, தம்பி?" நூறு நாள் வேலை அட்டையும் இத்தனை வருஷம் போகாததால சரிபண்ண வேண்டிக் கிடக்கு. அதுக்கும் அலையல. ஊர்ல இருக்கிற நாளையெல்லாம் அக்கா லீவுன்னே கணக்கு வைக்கிறாங்க. அந்த வீட்டுல அவங்களை எந்தக் கணக்குல வச்சிருக்காங்களோ.

எங்க வயல்ல நடவுக்கு வர்ற பொம்பளைங்க சாயங்காலம் கரையேறினதும் கூலி கை மாறிடும். நாளைக்கு வேலை உண்டுன்னா உண்டு, இல்லைன்னா அப்பவே தெரிஞ்சிடும். கூலி குறைச்சல்னு சண்டை வரும், அது வேற. ஆனா வேலையில இருக்கோமா இல்லையாங்கிற சந்தேகத்தோட யாரும் வீட்டுக்குப் போறதில்லை.

எங்க தஞ்சாவூர் ஜில்லாவுல அந்தச் சந்தேகம் ஒரு காலத்துல இருந்தது, பண்ணையாளுக்கு. மிராசுதார் பண்ணையில வருஷக்கணக்கா, அப்பன் மகன்னு தலைமுறையா கட்டுப்பட்டு வேலை செஞ்சவங்க. நிறுத்திட்டா நிறுத்தினதுதான், கேள்வி கிடையாது. 1952-ல ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்ப அவசரச் சட்டம் போட்டு, பிறகு தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்னு கொண்டு வந்தாங்க. ஒரு கிராமத்துல ஒரு வேலிக்கு மேல, அதாவது ஆறே முக்கால் ஏக்கர் கிட்டத்துக்கு மேல, நிலம் வச்சிருந்தவங்க பண்ணையாளை இஷ்டத்துக்கு வெளியேத்தக் கூடாது, கூலி இவ்வளவு தரணும்னு சட்டம் சொல்லுச்சு. மிராசுகள் சும்மா இருக்கல. பண்ணையாளே வேண்டாம், தினக்கூலி போதும்னு பலர் மாறிட்டாங்க. ஆனா முதல் தடவையா 'பண்ணையாள்'னா யாருன்னு சட்டத்துல ஒரு வரி எழுதினாங்க. அந்த வரி வயல் வேலையைத்தான் சொல்லுது. மிராசு வீட்டுத் தாழ்வாரத்துல பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினவங்களைப் பத்தி அதுல இல்லை.

இன்னைக்கும் பெரிசா மாறல. 2007-ல தமிழ்நாட்டுல வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்துச்சு. பதிவு பண்ணிக்கலாம், சில உதவித்தொகை கிடைக்கும், அதைக் குறைச்சுச் சொல்லல. 2011-ல வீட்டு வேலைக்காரங்களுக்குன்னே ஒரு சர்வதேச உடன்படிக்கை ஜெனிவாவுல நிறைவேறுச்சு. அதுல வேலை நிபந்தனைகளைப் பணியாளுக்குப் புரியும்படி சொல்லணும், முடிஞ்சா எழுத்துல தரணும்னு இருக்கு. வேலை எப்படி முடியும்ங்கிறதும் அதுல சேர்த்தி. இந்தியா ஆதரிச்சு ஓட்டுப் போட்டுட்டு, இன்னைவரைக்கும் அதை ஏத்துக் கையெழுத்துப் போடல. 2020-ல நாடாளுமன்றத்துல நிறைவேறின தொழில் உறவுச் சட்டத் தொகுப்புல 'தொழில்' என்றால் என்னன்னு விளக்கம் கொடுத்து, வீட்டு வேலை அதுல சேராதுன்னு தெளிவா விலக்கி வச்சிருக்காங்க.

போன வாரம் அக்காகிட்ட சொன்னேன். "நீங்களே ஒரு போன் போட்டுக் கேளுங்கக்கா. நான் வேலையில இருக்கேனா இல்லையா, பெட்டியை எடுத்துக்கிட்டு வரட்டுமா வேண்டாமான்னு நேரா கேளுங்க. இத்தனை வருஷம் பார்த்ததுக்கு ஏதாவது கொடுத்துக் கணக்கை முடிச்சு விடச் சொல்லுங்க. அதுல தப்பே இல்லை."

அக்கா கொஞ்ச நேரம் முந்தானையை முறுக்கிக்கிட்டு இருந்தாங்க. "கேட்டா இல்லைன்னு சொல்லிட்டா, அப்புறம் பிள்ளைகிட்ட எந்த முறையில தம்பி பேசுறது?"

குறுந்தொகையில செவிலித்தாய் பேசுற பாட்டெல்லாம் இருக்கு, பள்ளிக்கூடத்துல தமிழய்யா நடத்தியிருக்கார். தான் வளர்த்த பொண்ணு புகுந்த வீட்டுல குடித்தனம் நடத்துற அழகைப் போய்ப் பார்த்துட்டு வந்து, பெத்தவகிட்ட செவிலி சந்தோஷமாச் சொல்லுவா. வளர்த்தவ போய்ப் பார்க்கலாமா கூடாதான்னு அங்க ஒரு கேள்வியே எழாது. அக்காவுக்குப் பஸ் டிக்கெட் எடுக்கவே யோசனையா இருக்கு. வேலைக்காரியா போறதா, விருந்தாளியா போறதா?

பெட்டியை வாங்கிட்டு வர நானே கூடப் போறேன்னு சொல்லியிருக்கேன். தாளடி நடவு முடியட்டும் தம்பின்னாங்க. நடவுக்கு மூணு நாள் வர்றதாவும் சொல்லியிருக்காங்க, கரையில போனை வச்சுக்கிட்டு.